நிரல் எழுதாதவர்களுக்கும் கணினித் துறையில் வேலை உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களைப் படித்தேன். கணினித் துறை என்ற தலைப்பின் கீழ் நிரலாக்கம், தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு ஆகியவை மட்டுமே இடம்பெற்றிருந்தன. அதே துறையில் 20 ஆண்டுகளாக ஒரு வரி நிரல்கூட எழுதாமல் பணியாற்றி வருபவன் என்ற முறையில், அப்பக்கங்களில் விடுபட்டுப்போன ஒரு தொழிலைப் பற்றிச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு செயலியைப் பயன்படுத்துபவர் எங்கே திணறுகிறார் என்று கவனித்து அதைச் சரிசெய்வது பயனர் அனுபவ வடிவமைப்பு. எந்தத் தகவலை எந்தப் பெயரில், எங்கே வைத்தால் அவர் கண்ணில் படும் என்று தீர்மானிப்பது தகவல் கட்டமைப்பு. கையேடு, உதவிக் குறிப்பு, பிழைச் செய்தி ஆகியவற்றை எழுதுவது தொழில்நுட்பத் தகவல்தொடர்பு. அலுவலகத்தில் யூஎக்ஸ் டிசைனர், டெக்னிக்கல் ரைட்டர் என்று பதவிகள் பிரிந்திருந்தாலும் மூன்றையும் ஒருவரே பார்க்கும் இடங்கள் உண்டு. நான் டெக்னிக்கல் ரைட்டராகச் சேர்ந்து, மற்ற இரண்டையும் வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டவன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் காப்பீட்டுச் செயலியைச் சோதித்தோம். அதில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன: ஒன்று முதற்பெயர், மற்றது குடும்பப் பெயர். சோதனைக்கு வந்த அம்மா ஒருவர் முதல் கட்டத்தில் தம் பெயரையும் இரண்டாவதில் தம் இனிஷியலையும் எழுதினார். குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும் என்று செயலி மறுத்தது. தந்தையின் பெயரைப் போட்டார். ஆதாரோடு பொருந்தவில்லை என்றது. கணவரின் பெயரைப் போட்டபோதும் அதே பதில்தான். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுங்க தம்பி, பையன் வந்தா போட்டுக்கிறேன்" என்றார். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை என்பதை எண்ணிப் பார்க்காதவர்கள் வகுத்த படிவத்துக்கு, அவர் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டார். இரண்டு கட்டங்களையும் நீக்கி, 'ஆதாரில் உள்ளபடி பெயர்' என்று ஒரே கட்டமாக மாற்றுவது நிரலாளருக்கு அரை நாள் வேலை. மாற்றத்தான் வேண்டும் என்று மேலாளர்களை ஏற்கச் செய்ய எங்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின. இத்தொழிலின் பெரும்பகுதி அந்த மூன்று வாரங்களைப் போன்றதுதான்.

தகவல் கட்டமைப்பாளர் என்ற சொல்லை 1976இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரிச்சர்டு சால் வர்மன் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டான் நார்மன், பயனர் அனுபவம் என்பதைத் தம் பதவியின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார். ஆயினும் இச்சிந்தனையின் வேர்களுள் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூலக அறிவியலுக்கு வகுத்து 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே தலைப்புக்குள் அடைத்துவிடாமல், பொருள், இடம், காலம் எனப் பல முகங்களாகப் பிரித்துக் கோத்தது. இணையக் கடையில் புடவை தேடும் ஒருவர் நிறம், துணி, விலை என்று தனித்தனியே வடிகட்டிப் பார்க்கும்போது அந்தப் பல்முகப் பகுப்பைத்தான் பயன்படுத்துகிறார். நூலக அறிவியல் பட்டம் பெற்றுவிட்டு வேலைக்கு அலையும் இளைஞர்களைச் சந்திக்கும்போதெல்லாம், இதை இவர்களுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லையே என்று மனம் வருந்துகிறேன்.

தகவல்களைப் பகுக்கும் வேலையை நாங்கள் சாதாரண அட்டைகளைக் கொண்டும் செய்வோம். ஒருமுறை அரசு உதவித் திட்டங்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி, அவற்றை இனம் பிரித்து அடுக்குமாறு குடும்பத் தலைவிகள் சிலரிடம் கொடுத்தோம். நாங்கள் துறைவாரியாக அடுக்கி வைத்திருந்தோம். அவர்களோ மாமியாருக்கு வேண்டியவை, பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டியவை என்று வீட்டு ஆட்களை வைத்து அடுக்கினார்கள். எங்கள் பட்டியலை அன்றே திருத்தி எழுதினோம்.

இத்தொழிலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடக்கச் சம்பளம் எல்லா இடங்களிலும் நிரலாளருக்கு நிகராக இருப்பதில்லை. அமெரிக்காவில் 70 ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய தொழில்நுட்பத் தகவல்தொடர்புச் சங்கம் 2025 ஜனவரியில் திவாலாகி மூடப்பட்டது. கையேட்டின் முதல் வரைவை இன்று இயந்திரமே எழுதித் தருகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த வரைவிலுள்ள ஒவ்வொரு படியையும் கருவியில் செய்து பார்த்துச் சரிதானா என்று உறுதி செய்யவும், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்த அம்மாவின் எதிரே உட்கார்ந்து காரணம் கேட்கவும் ஆள் வேண்டியிருக்கிறது.

ஆகவே தமிழ், ஆங்கிலம், உளவியல், நூலக அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கும் இத்தொழிலை அறிமுகப்படுத்தும் கட்டுரை ஒன்றைத் தங்கள் வழிகாட்டிப் பக்கங்களில் வெளியிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். நேர்காணலுக்கு வருபவர்களிடம் நான் சான்றிதழ்களை முதலில் கேட்பதில்லை. செய்து பார்த்த வேலையைத்தான் கேட்கிறேன். குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதி, தெருவில் மூன்று பேரிடம் கொடுத்து, அவர்கள் எந்த வரியில் நின்றுவிட்டார்கள் என்று குறித்து, அந்த வரியை மாற்றி எழுதிய இரு தாள்களையும் கொண்டுவரும் மாணவருக்கு என் மேசையருகே எப்போதும் ஒரு நாற்காலி உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
சென்னை.