பரிசோதனை மேசையைக் கப்பலடிக்குக் கொண்டுவாருங்கள்

சொகுசுக் கப்பல் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும், நமது நாட்டின் துறைமுகச் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கொவிட் காலத்துப் பயண விதிகளெல்லாம் நீக்கப்பட்ட பிறகு இப்போது ஏன் இப்படி ஒரு மடல் என்று கேட்பீர்கள். நீக்கப்பட்டதால்தான் எழுதுகிறேன். விதி அமுலில் இருந்தபோது அதை உட்கார்ந்து யோசிக்க உங்களுக்கும் நேரமில்லை, எங்களுக்கும் நேரமில்லை. அவசரத்தில் எழுதினீர்கள், அவசரத்தில் மாற்றினீர்கள், அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு வேறொரு தொற்று வந்தால் பழைய கோப்பை எடுத்துத் தூசு தட்டி, ஏறுவதற்கு 72 மணி நேரத்துக்குள், 48 மணி நேரத்துக்குள் பரிசோதித்திருக்க வேண்டும் என்ற அதே வரிகளை அப்படியே மறுபடியும் போட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. போடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மூக்குக்குள் குச்சி விட்டு எடுப்பதும், குப்பியில் பெயரும் நேரமும் எழுதுவதும், முடிவு வரும்வரை வாசலில் நிற்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அந்த ஆண்டுகளில் எங்கள் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் கேட்கிறேன்: கப்பலில் ஏறப்போகிறவருக்கு, ஏறும் நாளன்று, ஏறும் துறைமுகத்திலேயே, கப்பல் நிறுவனமே தன் செலவில் பரிசோதனை செய்ய வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவரும் இரண்டு நாள், மூன்று நாள் பழைய சான்றிதழைப் பார்த்து ஒருவரை ஏற்றுவதும் வேண்டாம், திருப்பி அனுப்புவதும் வேண்டாம்.

என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. நாட்டில் பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை, எண்ணெய் நிரப்பும் செற்களில் நாள்கணக்காகக் கியூ. கல்லடியில் இருக்கும் என் அக்காவுக்கும் அத்தானுக்கும், கனடாவில் இருக்கும் மகனும் லண்டனில் இருக்கும் மகளும் சேர்ந்து ஒரு கப்பல் பயணம் ஒழுங்கு செய்திருந்தார்கள். அத்தானுக்கு எழுபது வயது நிறைவதற்காக. தென்கிழக்காசியத் துறைமுகம் ஒன்றில் எல்லோரும் சந்தித்து ஏறுவதாக ஏற்பாடு. கப்பல் ஏறுவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை வேண்டும் என்று டிக்கட்டில் இருந்தது. அவர்கள் ஏற்றுக்கொள்ளும் சான்றிதழைத் தரும் ஆய்வுகூடம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது கொழும்பில் இருந்தது. இங்கிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். வான்காரரிடம் கேட்டால் டீசல் இருந்தால் வாறன் என்கிறார். கடைசியில் இரவு ரயிலில் போனார்கள்.

இங்கேதான் சிக்கல். முடிவு வர 24 மணி நேரம்வரை எடுக்கலாம் என்று ஆய்வுகூடத்தில் சொன்னார்கள். விமானம் வியாழன் நள்ளிரவு. வியாழன் காலை குச்சி விட்டால் கடுதாசி கைக்கு வராமலே விமானம் போய்விடலாம். ஆகவே பயந்து புதன் காலையே எடுத்துவிட்டார்கள். முடிவு அன்றிரவே வந்தது, இருவருக்கும் தொற்று இல்லை. வெள்ளிக்கிழமை பகல் துறைமுக மேசையில் சான்றிதழை நீட்டியபோது, அங்கே இருந்த பிள்ளை பேனையால் ஒரு வரியின் கீழே கோடு போட்டாள். மாதிரி எடுத்த நேரம், காலை 6.40. அதன் கீழே அறிக்கை வழங்கிய நேரம், இரவு 9.15. மேல் வரிப்படி 48 மணி நேரம் கடந்துவிட்டது. கீழ் வரிப்படி இன்னும் நேரம் கிடக்கிறது. டிக்கட்டில் எது கணக்கு என்று ஒரு சொல்லும் இல்லை.

"நாம குச்சி விட்ட நேரமா, அவங்க கடுதாசி அடிச்ச நேரமா கணக்கு?" என்று அக்கா கேட்டது அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. மகன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. பக்கத்திலேயே, முடிவை அங்கேயே காட்டிவிடும் அன்டிஜன் பரிசோதனை மேசை ஒன்று இருந்தது. கால் மணி நேர வேலை. ஆனால் அது முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமாம். நாங்களும் இறங்கிவிடுகிறோம் என்று பிள்ளைகள் நின்றார்கள். பேரப்பிள்ளைகள் அழும், நீங்க போங்க என்று அத்தான்தான் அனுப்பிவைத்தார். கிழவனும் கிழவியும் கப்பல் திரும்பி வரும்வரை ஹோட்டல் அறையில் இருந்தார்கள்.

பயணத்தின் மூன்றாம் நாள் மருமகளுக்குக் காய்ச்சல். கப்பல் வைத்தியரிடம் பரிசோதித்தால் கொவிட். மிச்சப் பயணம் முழுக்க அறைக்குள். அவளுடைய சான்றிதழில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் 48 மணி நேரத்துக்குள். திருப்பி அனுப்பப்பட்ட அக்காவுக்கும் அத்தானுக்கும் கடைசிவரை எதுவும் இல்லை.

இது ஏதோ ஒரு குடும்பத்துக்கு வந்த கெட்ட நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். வைரஸ் உடம்புக்குள் போனவுடனே மூக்கில் வந்து நிற்பதில்லை. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதுவரை பல இடங்களில் செய்த பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் ஆய்வுகூடப் பரிசோதனை) முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. தொற்றிய நான்காம் நாள் பரிசோதித்தால், தொற்று உள்ள நூறு பேரில் 67 பேருக்கு இல்லை என்றே முடிவு வரக்கூடும். அறிகுறி தொடங்கும் ஐந்தாம் நாளிலும் 38 பேருக்கு அப்படி. எட்டாம் நாளில்தான் அது 20க்கு இறங்குகிறது. அது தொடக்கத்தில் பரவிய வைரஸின் கணக்கு. உருமாறிய ஒமிக்ரோன் வகை வந்தபோது தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையிலான காலம் ஏறக்குறைய 3 நாளாகக் குறைந்துவிட்டது. அதாவது புதன்கிழமை சுத்தமாக இருந்தவர் வெள்ளிக்கிழமை பரப்புகிறவராக மாற முழு வாய்ப்பும் உண்டு. நடுவில் ரயில், விமான நிலையம், ஹோட்டல், சாப்பாட்டுக் கடை என்று நூறு பேரோடு மூச்சைப் பகிர்ந்துகொள்கிறார். பரிசோதனைக்கும் ஏறுவதற்கும் நடுவே நீங்கள் விட்ட இடைவெளியில்தான் பயணமே நடக்கிறது. எங்கள் வாவியில் மீன் பிடிக்கிறவர் முந்தாநாள் பார்த்த காற்றை நம்பி இன்றைக்குத் தோணியை இறக்க மாட்டார்.

உங்கள் துறையின் பதிவே இதைச் சொல்கிறது. அமெரிக்காவில் 2021 செப்டெம்பரிலிருந்து தடுப்பூசி போட்டவர்களும் ஏறுவதற்கு முந்தைய 2 நாட்களுக்குள் பரிசோதித்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன் 3 நாள். அந்த விதி அமுலில் இருக்கும்போதே, டிசம்பர் 15 முதல் 29 வரையான இரண்டு வாரத்தில் அங்கே கப்பல்களிலிருந்து 5,013 தொற்றுகள் அறிவிக்கப்பட்டன. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் வெறும் 162. டிசம்பர் 30ஆம் திகதி, தடுப்பூசி போட்டிருந்தாலும் கப்பல் பயணத்தைத் தவிருங்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் சொல்லவேண்டி வந்தது. ஒமிக்ரோனின் வேகம்தான் முதற்காரணம், மறுக்கவில்லை. ஆனால் 2 நாள் பழைய கடுதாசி அந்த வேகத்துக்கு முன்னால் நிற்கவில்லை என்பதும் உண்மைதான்.

ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் நேரம்தான் பிரச்சினை. 2020 மார்ச் 19ஆம் திகதி சிட்னியில் ரூபி பிரின்சஸ் கப்பலிலிருந்து 2,700 பேரளவில் இறக்கிவிட்டார்கள். கப்பலில் எடுத்த மாதிரிகளின் முடிவு வந்தது அவர்கள் இறங்கி ஊர் ஊராகப் போன பிறகு. அந்தப் பயணத்தோடு தொடர்புடைய மரணங்கள் 28. மாதிரிகளைப் பரிசோதிப்பதில் ஏற்பட்ட தாமதத்தைப் பின்னர் நடந்த விசாரணை கடுமையாகக் கண்டித்தது. ஆய்வுகூடத்தில் வேலை செய்தவனுக்கு அதை வாசிக்க நெஞ்சு பதைக்கும். நேரத்துக்கு வராத முடிவால் யாருக்கு என்ன பயன்?

சரி, ஏறும் நாளில் பரிசோதித்தால் எல்லாம் பிடிபடுமா? படாது. முந்தின இரவு தொற்றியவர் தப்பிவிடுவார். அதனால்தான் கப்பலில் மூன்றாம் நாளும் ஒருதடவை எல்லோருக்கும் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் அன்டிஜன் பரிசோதனை, மூக்கில் வைரஸ் நிறைய இருக்கும்போதுதான் காட்டும். அந்த நேரம்தான் மற்றவருக்குப் பரப்பும் நேரமும். இவர் இன்றைக்கு, இந்தக் கப்பலுக்குள், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பாரா என்பதுதானே உங்கள் கேள்வி? அதற்குப் பதில் சொல்ல, துறைமுகத்திலேயே செய்கிற கால் மணி நேரப் பரிசோதனை, தொலைதூர ஊரில் முந்தாநாள் எடுத்த பிசிஆரைவிடப் பொருத்தம்.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது. வீட்டிலேயே பரிசோதித்தால் தொற்று உள்ளவர் வீட்டோடு நின்றுவிடுவார், கண்காணாத ஊரில் தனித்துவிடப்பட மாட்டார் என்பது. நியாயமான கவலை. புறப்படும் முன் வீட்டில் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் ஆலோசனையாகச் சொல்லலாம், அதற்கான பெட்டியை டிக்கட்டோடு அனுப்பிவைக்கலாம். ஆனால் அதைக் கதவாக வைக்காதீர்கள். துறைமுகத்தில் தொற்று என்று தெரிந்தவரை நடுத்தெருவில் விடவும் கூடாது. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள் அல்லது வேறு திகதி கொடுங்கள், தனிமையில் இருக்க அறை கொடுங்கள். பணம் போய்விடும் என்று தெரிந்தால் மனிதர் காய்ச்சலை மறைப்பார். பனடோல் போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்களை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பல வருடம் சேர்த்த காசு அது. இந்த ஒன்றைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது என்றே நினைக்கிறேன்.

துறைமுகத்தில் கூட்டம் சேர்ந்தால் அங்கேயே பரவாதா என்பார்கள். ஆளாளுக்கு வரும் நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள், காற்றோட்டமான கொட்டிலில் இருக்க வையுங்கள். தடுப்பூசி நிலையங்களில் எங்கள் பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) ஒரு கூடாரத்தையும் நாலு மேசையையும் வைத்துக்கொண்டு செய்தார்கள். உங்களால் முடியாதா?

சான்றிதழ் கேட்டே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், கணக்கை மணித்தியாலத்தில் வைக்காமல் நாளில் வையுங்கள். 2021 டிசம்பர் 6ஆம் திகதி அமெரிக்கா விமானப் பயணிகளுக்கு ஒருநாள் விதி கொண்டுவந்தபோது 24 மணி நேரம் என்று எழுதவில்லை, புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பு என்றுதான் எழுதியது. முதல் நாள் எந்த நேரம் எடுத்தாலும் செல்லும். பயணிக்குச் சிரமம் குறையட்டும் என்றே அப்படிச் செய்ததாக அவர்களே சொன்னார்கள். அப்புறம், மாதிரி எடுத்த திகதிதான் கணக்கு என்பதையும், எந்த ஊர் நேரம் என்பதையும் டிக்கட்டிலேயே எழுதுங்கள். எங்களுக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். மேசையில் அதைப்பற்றி யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

குணமானவர்களையும் மறக்கவேண்டாம். ஒருவருக்குக் கொவிட் வந்து மாறிய பிறகும் பிசிஆர் வாரக்கணக்கில் தொற்று என்றே காட்டக்கூடும், அவரால் யாருக்கும் ஆபத்து இல்லாத போதும். அப்படிப்பட்டவருக்கு வைத்தியரின் கடிதமும் அன்டிஜன் முடிவும் போதும் என்று ஆக்குங்கள்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஹோட்டல் வேலை பழகிய பிள்ளைகள் சமையலறைக்கும் அறை பராமரிப்புக்கும் என்று கப்பலுக்குப் போகிறார்கள். பயணி ஒரு வாரத்தில் இறங்கிவிடுவார். பிள்ளை மாதக்கணக்கில் கீழ்த்தட்டில் ஓர் அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு கிடப்பான். 2020 பெப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள், 712 பேருக்குத் தொற்றியது. பயணிகள் அறைக்குள் அடைக்கப்பட்டபோது அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்கள் ஊழியர்கள்தான். அதே ஆண்டு ஏப்ரலில் எம்எஸ்சி மக்னிபிகா கப்பலிலிருந்த இலங்கைச் சமையற்காரர் ஒருவர் தன்னை இறக்கிவிடும்படி காணொளியில் கெஞ்சியதும், கொழும்பில் கடற்படையினர் அவரை இறக்கியதும் இந்த நாட்டில் எல்லோரும் பார்த்ததுதான். ஏறும் வாசலில் நீங்கள் விடுகிற ஒவ்வோர் ஓட்டையும் முதலில் அந்தப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது. அவர்களுக்காகவும் கேட்கிறேன்.

துறைமுகச் சுகாதார அதிகாரிகளே, இது தூரதேசத்துப் பிரச்சினை இல்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நின்று போனது. திருகோணமலையில் இறங்குகிறவர் சில மணி நேரத்தில் பாசிக்குடாவில் நிற்பார். நாளைக்கு எங்கள் ஆட்களும் திருகோணமலையிலேயே ஏறட்டும். அதற்கு முன்பே துறைமுகத்தில் பரிசோதனைக்கான இடத்தைப் பார்த்து வையுங்கள், மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை ஆய்வுகூடத்தாரோடு ஒரு பட்டியல் போட்டு வையுங்கள், விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். கூப்பிட்டால் குச்சி பிடிக்கவும், புதியவர்களுக்குப் பழக்கிவிடவும் என்னைப்போல் ஓய்வில் இருக்கிறவர்கள் பலர் இந்தப் பக்கம் இருக்கிறோம். பஸ் காசுகூடக் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட ஊழியர் ஒருவர்,
மட்டக்களப்பு.