மடித்துச் செருகிய பச்சை வயர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. என் முழங்கால் வலி இப்போது தேவலை. ஆனால் புது வாட்டர் ஹீட்டருக்கு நீயே வயரிங் செய்யப்போவதாகக் கடைசியில் எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எங்கள் பழைய ஹீட்டர் கதையை உனக்குச் சொன்னேனா? நாலு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் வெந்நீர் தந்தது. ஒருநாள் காலையில் ஈரக் கையோடு குழாயைத் தொட்ட என் மனைவி, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மெயினை ஆஃப் செய்துவிட்டு மூடியைக் கழற்றினேன். கசிகிற கரண்டை ஆபத்தில்லாமல் வெளியேற்ற வேண்டிய எர்த் வயர், அதாவது பச்சை வயர், எதிலும் மாட்டப்படாமல், இரண்டாக மடித்து, டேப் சுற்றி ஓரமாகச் செருகிக் கிடந்தது. தண்ணீரைச் சுடவைக்கும் கம்பியான எலிமென்டின் உறையில் மயிரிழை விரிசல். அது வழியாகத்தான் கரண்ட் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. எர்த் இல்லாமலும் தண்ணீர் நன்றாகவே சுடும், அதனால் இத்தனை நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

அதனால் பச்சை வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட்டு மாட்டு. எப்போதாவது கேபிள் இழுபட்டால் அதுதான் கடைசியில் கழல வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்கும் 30 மில்லி ஆம்ப் பிரேக்கர் ஒன்றையும் கட்டாயம் போடு. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துவராவிட்டால் அது உடனே விழுந்து கரண்டைத் துண்டித்துவிடும். சாதாரண பிரேக்கருக்கு அவ்வளவு சின்னக் கசிவு தெரியவே தெரியாது.

சரி, வோல்ட் விஷயம். ஹீட்டர்மேல் ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் படி. 240 வோல்ட் எலிமென்டுக்கு 120 கொடுத்தால் கால்வாசி சூடுதான் வரும். 120 வோல்ட் எலிமென்டுக்கு 240 கொடுத்தால் நாலு மடங்கு வாட் இழுத்து எரிந்துபோகும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப் கிடைக்கும்: 3000 வாட், 230 வோல்ட் என்றால் 13 ஆம்ப். நெடுநேரம் ஓடுகிற சாமான் என்பதால் கேபிளுக்கும் பிரேக்கருக்கும் இதோடு கால் பங்கு கூட்டிக் கணக்குப் போடு. போர்டிலிருந்து ஹீட்டருக்கென்றே தனி லைன் வர வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று பெரியதாக மாற்றிவிடாதே. கேபிள் தாங்குகிற அளவைவிடப் பெரிய பிரேக்கர் போட்டால், கரண்ட் அதிகமாகும்போது பிரேக்கர் விழாது, கேபிள்தான் உருகும்.

அப்புறம், திருகாணி. வயர் முனையை ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் முறுக்கி, திருகாணிக்கு அடியில் செருகு. இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பார். தளர்ந்த முனை சூடாகிப் பிளாஸ்டிக்கே பழுப்பேறிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கை வைக்கும் முன் டெஸ்டரை வேலை செய்கிற ஒரு பாயின்டில் வைத்துப் பார்த்துக்கொள். அடுத்து ஹீட்டர் லைனில் வை, பிறகு மறுபடியும் அந்த முதல் பாயின்டில் வைத்துப் பார். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருக்கலாம் இல்லையா? தொட்டி நிறைந்து, வெந்நீர்க் குழாயில் காற்று வராமல் தண்ணீர் சீராக விழுந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் எலிமென்ட் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும்.

போர்டுக்குள் செய்யும் வேலையை மட்டும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடு. இது என் வேண்டுகோள். மூடியைத் திருகும் முன் உள்ளே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. பச்சை வயரின் முனை தெளிவாகத் தெரியட்டும்.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்