அணு பெரிதானால் மோதலும் கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னைக்குப் போய்வரும் மருமகன் பெட்டியில்தான் உங்கள் இதழ் யாங்கோன் வந்து சேர்கிறது (எங்களுக்கு இன்னும் ரங்கூன்தான்). அதனால் இரண்டு மாதத்துக்கு முந்தைய அறிவியல் கட்டுரைக்கு இப்போது எழுதுகிறேன். மந்த வாயுக்களில் மின்சாரம் பாய்வதை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஒரு வரி மட்டும் உறுத்தியது: ஹீலியம் முதல் செனான் வரை அணு பெரிதாகப் பெரிதாக எலக்ட்ரான் மோதுவதும் கூடிக்கொண்டே போகுமாம். அப்படியில்லை ஐயா.

முப்பது வருஷம் நியான் விளக்குக்குக் கண்ணாடிக் குழாய் வளைத்தவன் நான். நகைக்கடைப் பலகை, பகோடாவில் புத்தர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், எல்லாம் செய்திருக்கிறேன். இப்போது அந்த இடமெல்லாம் எல்.இ.டி. பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சி, குழாயைச் சூடாக்கி அழுக்கை ஓட்டி, ஆர்கானைத் திறந்துவிட்டால் மங்கலாக ஓர் ஊதா தெரியும். பாதரசத் துளியை உள்ளே உருட்டி ஓடவிட்ட பிறகுதான் கண்ணைப் பறிக்கும் நீலம். நியானுக்கு அந்தத் துளி வேண்டாம், தானே சிவக்கும். ஒரு வாயு மாதிரி இன்னொன்று நடந்துகொள்ளாது என்பது கைக்குத் தெரியும். காரணத்தை, வேலையை விட்ட பிறகு பேத்தியின் கல்லூரிப் புத்தகத்தில்தான் படித்தேன்.

ஒரு கன மீட்டரில் எத்தனை அணு, ஒவ்வொன்றும் எலக்ட்ரானுக்குக் காட்டும் குறுக்குப் பரப்பு (மோதுவதற்கான இலக்கின் பரப்பு) எவ்வளவு, எலக்ட்ரானின் வேகம் என்ன, இந்த மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை மோதல் என்று வந்துவிடும். ஒரு டார் அழுத்தம் (சாதாரணக் காற்றழுத்தத்தில் 760-ல் ஒரு பங்கு), அறை வெப்பநிலை, கால் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் (எலக்ட்ரான் போன்ற துகளின் ஆற்றலை அளக்கும் சின்ன அலகு அது) என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் ஓடும். ஹீலியத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 60 கோடி முறை மோதும். ஆர்கான் அணு அதைவிடப் பெரியது, ஆனால் அங்கே ஒரு கோடிச் சொச்சம்தான்! ஆற்றலை 10 எலக்ட்ரான் வோல்ட்டாக ஏற்றினால் கதை தலைகீழ். ஆர்கான் 800 கோடியைத் தாண்டும், ஹீலியம் 250 கோடியை ஒட்டி நின்றுவிடும். இதில் பரப்பு என்பது அணுவின் உடம்பு அளவு அல்ல, வருகிற எலக்ட்ரானைப் பார்த்து மாறுகிற ஒன்று.

1921-ல் ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் ராம்சவர் இதைக் கண்டபோது யாருக்கும் விளங்கவில்லை. எலக்ட்ரானைக் கோலிக்குண்டு என்று நினைத்தால் விளங்கவும் செய்யாது. அது அலையும்கூட. அந்தக் குறைந்த ஆற்றலில் ஆர்கான் அணுவுக்குள் புகுந்த அலை, சரியாக அரை அலை தள்ளிப்போய் வெளியே வருகிறது. நடுவில் அணு ஒன்று இருந்ததே தெரியாத மாதிரி. குறைந்த ஆற்றலில் மோதல் இப்படிச் சரிந்து விழும் பள்ளம் கிரிப்டானிலும் செனானிலும் உண்டு. ஹீலியத்திலும் நியானிலும் கிடையாது.

இத்தனை கோடி மோதினால் குழாய் உருகாதா என்று பேத்தி கேட்டாள். எங்கள் கோயில் மண்டபத்து டியூப்லைட்டிலும் ஆர்கானும் சிறிது பாதரசமும்தான். உள்ளே எலக்ட்ரான்களின் வெப்பநிலை சுமார் 11,000 டிகிரி. கரண்ட் இருந்த நேரம் பார்த்து அவளையே தொடச் சொன்னேன். “இளஞ்சூடுதான் தாத்தா” என்றாள். ஆர்கான் அணு எலக்ட்ரானைப்போல 73,000 மடங்கு கனம். மாங்காய் மேல் கடுகை எறிகிற கதைதான். சும்மா முட்டித் திரும்பும் மோதல் ஒவ்வொன்றிலும், எலக்ட்ரான் தன் ஆற்றலில் சராசரியாகச் சுமார் 36,500-ல் ஒரு பங்கைத்தான் விட்டுக்கொடுக்கிறது.

கட்டுரையாசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போடுங்கள். மருமகன் தைப்பூசத்துக்கு வரும்போது அந்த இதழைக் கொண்டுவந்துவிடுவான்.

இப்படிக்கு,
பழைய நியான் தொழிலாளி ஒருவர்,
யாங்கோன்.