விரல் நுனி போன அயர்ன் மேன்

அன்புள்ள கேசட் கடை அண்ணாவுக்கு,

போன வாரம் தண்டையார்பேட்டை மெட்ரோ பக்கத்து டீக்கடையில் உங்களைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதினைந்து வருஷம் இருக்குமா? தலை முழுக்க வெளுத்துவிட்டது. வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் இரண்டு தீர்ப்பைச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டீர்கள். ஒன்று: "சூப்பர்ஹீரோ படம்னா அயர்ன் மேன் ஒண்ணுதான்டா, மத்ததெல்லாம் பொம்மை விளையாட்டு." இரண்டு: "ராக்குன்னா பிங்க் ஃபிலாய்ட். உன் பிளாக் சபாத் வெறும் சாவு மேளம்."

நின்று பதில் சொல்ல விடவில்லை நீங்கள். அதனால் எழுதுகிறேன்.

முதல் தீர்ப்பில் எனக்குப் பாதி சம்மதம். அந்தப் படம் 2008-ல் வந்தது. நான் பார்த்தது பர்மா பஜார் டிவிடியில், பாதியில் ஒருமுறை சிக்கி நின்றது. ஆனாலும் அந்தக் குகைக் காட்சிகளை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கதாநாயகன் டோனி ஸ்டார்க் ஆயுதம் செய்து விற்கிற பெரும் பணக்காரன், அந்தக் குகையில் கைதி. அவன் நெஞ்சில் பாய்ந்த குண்டுச் சில்லுகள் இதயத்துக்குப் போகாமல் இழுத்துப் பிடிக்க, ஒரு கார் பேட்டரியை வைத்துக் காந்தம் பொருத்தியிருப்பார் இன்சென் என்கிற மனிதர். இருவரும் சேர்ந்து ஏவுகணைகளைப் பிரித்து மேய்ந்து, அதிலிருந்து எடுத்த பல்லேடியம் என்கிற உலோகத்தை உருக்குவார்கள். அதை இடுக்கியில் பிடித்துக்கொண்டு இன்சென் மெதுவாக நடந்து வருவார். கை நடுங்கக் கூடாது, ஒரு சொட்டு சிந்தக் கூடாது. அச்சில் ஊற்றியதும் ஸ்டார்க் விடும் மூச்சு இருக்கிறதே, திருவொற்றியூர் பட்டறைகளில் வார்ப்பு ஊற்றியவர்கள் அத்தனை பேரும் அந்த மூச்சை விட்டிருப்பார்கள். அப்புறம் தப்பிக்க இரும்புக் கவசம், சம்மட்டி அடி. இரும்பில் சம்மட்டி விழுகிற சத்தத்தை அவ்வளவு ஆசையாகக் கேட்க வைத்த படம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

குகையை விட்டு அவன் வெளியே வந்தானா, படம் என் கையை விட்டுப் போய்விடுகிறது. கடலோரத்தில் மாளிகை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் கம்ப்யூட்டர், கவசத்தைத் தானே கோத்து மாட்டிவிடும் இயந்திரக் கைகள். தீயணைப்பானை வைத்துக்கொண்டு நேரங்கெட்ட நேரத்தில் பீய்ச்சியடிக்கும் அந்த ஒற்றைக் கை ரோபோ மட்டும் எனக்குப் பிடிக்கும். எந்தப் பட்டறையிலும் அப்படி ஒரு எடுபிடிப் பையன் உண்டு. மற்றபடி அங்கே யாருக்கும் நகக்கண்ணில் மசி ஏறுவதில்லை. குகையில் உயிரைக் கொடுத்த இன்சென்னைப் படம் ஏறக்குறைய மறந்தே போகிறது. வேலை செய்தவனை விட்டுவிட்டு முதலாளியின் பெயரைப் பலகையில் எழுதுவது நமக்குப் புதிதா என்ன?

சரி, இரண்டாவது தீர்ப்புக்கு வருகிறேன். அங்கேதான் நீங்கள் வசமாக மாட்டுகிறீர்கள்.

அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது? பாலைவனத்தில் ராணுவ வண்டி, உள்ளே ஏசி/டிசி என்கிற ராக் குழுவின் 'பேக் இன் பிளாக்' பாட்டு. எப்படி முடிகிறது? நிருபர்கள் முன்னால் நின்று "நான்தான் அயர்ன் மேன்" என்கிறான், திரை இருண்டதும் பிளாக் சபாத்தின் 'அயர்ன் மேன்' கிட்டார் இடிக்கிறது. நீங்கள் தலையில் வைத்து ஆடும் படம் கடைசியில் கடன் கேட்டுப் போய் நிற்பது நீங்கள் திட்டும் அதே சபாத்தின் 'பாரனாய்ட்' ஆல்பத்தின் வாசலில்தான். இத்தனைக்கும் 1970-ல் வந்த அந்தப் பாட்டுக்கும் காமிக்ஸ் ஹீரோவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எதிர்காலத்துக்குப் போய் உலகம் அழிவதைப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் வழியில் இரும்பாகிப் போனவனின் கதை அது. சொல்ல வந்ததை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று ஊரையே பழிவாங்குவான்.

இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள் அண்ணா. எனக்கு 'பாரனாய்ட்' பதிந்து கொடுத்ததே நீங்கள்தான். 1997. நான் கேட்டது ஃபிலாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்'. தொண்ணூறு நிமிஷ கேசட்டில் அது ஒரு பக்கத்திலேயே அடங்கிவிட்டது. "பி சைடைக் காலியா உடக் கூடாதுடா" என்று கையில் கிடைத்ததை ஏற்றிக் கொடுத்தீர்கள். 'பாரனாய்ட்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டே அப்படி வந்ததுதான். ஆல்பம் நீளம் போதவில்லை, இன்னும் ஒரு பாட்டு வேண்டும் என்று அவசர அவசரமாகப் போட்டது. அவர்கள் இடத்தை நிரப்பப் போட்ட பாட்டு, நீங்கள் இடத்தை நிரப்பப் போட்ட ஆல்பம், இரண்டும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டன.

அதன் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. அதில் போர்க்கால அபாயச் சங்கு ஊதும். எங்கள் டூ-இன்-ஒன்னில் அது ஒலித்த முதல் நாள், அடுப்படியில் இருந்த அம்மா "இந்நேரத்துல இன்னா சங்கு?" என்று எட்டிப் பார்த்தார். பின்னி மில் மூடிய மறு வருஷம். எந்த நேரத்துக்கு எந்தச் சங்கு என்று காதுக்கே தெரிந்திருந்த காலம்.

ஃபிலாய்டைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும் இடத்தில் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். காசு விழும் சத்தத்தையே தாளமாக்கியது பெரிய வேலைதான். ஆனால் அது நன்றாகப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்த துக்கம். சபாத்தின் நான்கு பேரும் பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற தொழிற்சாலைப் பேட்டையில் வளர்ந்தவர்கள். பாடிய ஆஸி ஆஸ்போர்ன் கார் ஹார்ன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலையும் செய்திருக்கிறார், ஆடு மாடு வெட்டும் கொட்டகையிலும் இருந்திருக்கிறார்.

கிட்டார் வாசித்த டோனி அயோமியின் கதையை உங்களுக்குச் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். பதினேழு வயது. ஷீட் மெட்டல் கம்பெனியில் வேலை. பாட்டுக் குழுவோடு வெளியூர் கிளம்பப் போவதால் அன்றைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் "இனிமேல் போக மாட்டேன்" என்றிருக்கிறான். அம்மாதான் "எடுத்த வேலையை முடித்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அன்று தகடு அழுத்தும் பிரஸ் மிஷினை ஓட்டுகிற பெண் வரவில்லை என்று இவனை அதில் நிறுத்தினார்கள். பழக்கமில்லாத மிஷின். வலது கை நடு விரலும் மோதிர விரலும் நுனியோடு போயின. இடது கைக்காரன் அவன், தந்தியை அழுத்த வேண்டியது வலது கை. அவ்வளவுதான் என்று கையை விரித்துவிட்டார்கள் டாக்டர்கள்.

பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டினான். சால்டரிங் அயர்னால் அதில் குழி போட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரலுக்குத் தொப்பி செய்தான். வழுக்காமல் இருக்கப் பழைய தோல் சட்டையை வெட்டி மேலே ஒட்டினான். கனத்த தந்தியை அழுத்தினால் உயிர் போனது என்று மெல்லிய பாஞ்சோ தந்தியை மாட்டிக்கொண்டான். 1971-ல் மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையே இறக்கிவிட்டான். நம் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. தந்தி தளர்ந்தது, சத்தம் கனத்தது. பின்னால் வந்த ஹெவி மெட்டல்காரர்களில் எத்தனையோ பேர் அந்தச் சுருதியில்தான் குடியிருக்கிறார்கள்.

குகையும் இல்லை, பல்லேடியமும் இல்லை. அயர்ன் மேன் யார் என்று இப்போது சொல்லுங்கள்.

சாவு மேளம் என்றீர்களே, அதற்கும் வருகிறேன். 1970-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் மழை, இடி, கோயில் மணி என்றுதான் தொடங்கும். அப்புறம் வருவது மூன்றே ஸ்வரம்: ஸ, மேல் ஸ, பிரதி மத்யமம். ஸ-வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிக்கு ஐரோப்பாவில் பிசாசு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கச்சேரிகளில் கல்யாணி பாடும்போது ஸ-வும் பிரதி மத்யமமும் மங்களகரமாக வந்து போகின்றன, ஒருவரும் பயப்படுவதில்லை. சபாத் அதை இழுத்து நிறுத்தி வைத்திருக்கும் விதத்தில்தான் பயம் இருக்கிறது. காசிமேட்டில் ஒரு சாவுக்கு ராத்திரி முழுக்க மரண கானா பாடுவார்களே, விடியற்காலை மூன்று மணிக்குச் சட்டியை மட்டும் ஒற்றை அடியாக அடித்து நிறுத்துவார்களே, அந்த நிறுத்தம். நீங்கள் திட்டாகச் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் அப்பாவை உங்களுக்கு நினைவிருக்கும். கடை வாசல் கேரம் போர்டில் உங்களைத் தினமும் தோற்கடித்தவர். 1994-ல் அவர் வேலை செய்த இடத்தில், உற்பத்திக் கணக்கு வரவில்லை என்று பவர் பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒருமுறை மிதித்ததற்கு மிஷின் இரண்டு முறை அடித்தது. வலது கை ஆள்காட்டி விரலும் நடு விரலும் முதல் கணு வரை. ஆறு மாதம் சைக்கிள் டியூபை வெட்டி விரலுக்கு உறை மாதிரி மாட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவார். பிறகு ஒருநாள் மோதிர விரலால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிப் பார்த்தார். முதல் வாரம் எல்லாம் குறி தவறியது. அடுத்த பொங்கலுக்கு நீங்கள் மறுபடி தோற்க ஆரம்பித்தீர்கள்.

2025 ஜூலை 5-ஆம் தேதி ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில், சபாத்தின் கடைசிக் கச்சேரி. ஆஸி நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாள் கழித்து, 22-ஆம் தேதி இறந்துபோனார். அன்று ராத்திரி போனில் அந்தக் கச்சேரித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுபத்தேழு வயது அயோமியின் கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பெரிதாக்கச் சொன்னார்.

"எந்த வெரலு?"

"நடு வெரல், மோதிர வெரல்."

தன் கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். பாட்டு முடியும் வரை பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்: "கம்பெனில நஷ்டஈடு இன்னா குடுத்தாங்களாம்?"

அந்த கேசட் என்னிடம் இன்னும் இருக்கிறது. பி சைடில் நடுவில் கொஞ்சம் மென்று வைத்திருக்கிறது, ஆனால் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். அப்பா போர்டைத் துடைத்து வைத்துவிட்டார். பவுடர் மட்டும் தீர்ந்துவிட்டது, வரும் வழியில் ஒரு டப்பா வாங்கி வந்துவிடுங்கள்.

அன்புடன்,
பி சைடு பையன்