நீ அனுப்பிய ஆர்லாண்டோ கணக்கு

சத்துவாச்சாரி, வேலூர்
மாசி 5

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கு நலம். நீயும் மருமகளும் பெரியவனும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கைப்பேசியில் பேசத் தொடங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் பாப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். எனவே சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன்.

வரும் கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்களையும் சேர்த்து ஆறு பேராக அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்வர ஆகும் செலவென்று நீ அனுப்பிய எக்செல் கணக்கைத் தெருமுனைக் கடையில் நான்கு தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவுடன் இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். 'ஒருமுறை ஆடிட் செய்து கொடுங்கப்பா' என்று நீ வேடிக்கைக்குத்தான் எழுதியிருப்பாய். பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த நாளில் கணக்குப் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை வசூல் தாள்களைச் சரிபார்த்தே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்ட ஒருவனிடம் அப்படி வேடிக்கை செய்யக் கூடாது.

மொத்தம் 11,240 டாலர், அதாவது பத்து லட்சம் ரூபாய். இவ்வளவு எப்படி ஏறியது என்றே தெரியவில்லை, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு என் பதில், தள்ளிவைக்காதே என்பதுதான். காசு விஷயத்தில் கெட்டிக்கை என்று பெயரெடுத்த உன் அப்பன்தான் இதைச் சொல்கிறான், காரணத்தைக் கேள்.

அந்தப் பூங்கா 1971 அக்டோபர் முதல் தேதி திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர். டாலர் அன்று ஏழரை ரூபாய்தான். 2025 கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் என்ற அந்த முதல் பூங்கா ஒன்றுக்கு மட்டும் ஒரு நாள் சீட்டு 199 டாலர் வரை போயிருக்கிறது. இது ஐம்பத்தாறு மடங்குக்கு மேல் என்று இணையத்தில் பலர் கூச்சலிடுகிறார்கள். ஆனால் கணக்கு பார்ப்பவன் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்றைய மூன்றரை டாலர் வாசலைத் தாண்டுவதற்கு மட்டுமே. சவாரிகளுக்கு ஏ முதல் ஈ வரை எழுத்திட்ட கூப்பன்களைத் தனியாக வாங்க வேண்டும். சிறந்த சவாரிகளுக்கான ஈ கூப்பன் தொண்ணூறு சென்ட். நுழைவோடு பதினொரு சவாரிகளும் அடங்கிய கூப்பன் புத்தகம் 5.75 டாலர். நியாயமாக ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையோடுதான். அமெரிக்காவில் பொதுவான விலைவாசி அன்றிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகியிருக்கிறது. அந்த வேகத்தில் இந்தச் சீட்டும் ஏறியிருந்தால் இன்று 46 டாலருக்குக் கிடைக்க வேண்டும். கேட்பதோ அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கூப்பன்கள் ஒழிந்து ஒரே சீட்டு முறை வந்த 1982இல் நாள் ஒன்றுக்கு 15 டாலர் இருந்தது. 2015இல் நூறைத் தாண்டி 105 ஆனது. இடையில் எந்தக் காலத்திலாவது நின்று இறங்கியிருக்கிறதா என்று தேடினேன். அப்படி ஒரு படி கண்ணில் படவே இல்லை. எங்கள் கழகத்தில் 2011இல் ஏற்றிய பேருந்துக் கட்டணத்தை அடுத்து ஏற்றியது 2018 ஜனவரியில்தான். அதற்கே ஊர் ஊராக மறியல் நடந்து சில நாளில் கொஞ்சம் குறைத்தார்கள். டிஸ்னிக்கு யார் மறியல் செய்யப் போகிறார்கள்?

ஆனால் உன் தாளை வைத்துப் பார்த்தால் சீட்டின் விலை மட்டுமே குற்றவாளி அல்ல. 1971இல் அங்கு இருந்தது ஒரே பூங்கா. காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம். 1982இல் எப்காட், 1989இல் ஸ்டூடியோ, 1998இல் அனிமல் கிங்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று நான்காகிவிட்டன. நான்கையும் பார்க்காமல் வந்தால் குழந்தைகளை ஏமாற்றியதுபோல் ஒரு மனக்குறை. நாட்கள் கூடக் கூட ஒரு நாளுக்கான சீட்டு விலை குறையும்படி வேறு வைத்திருக்கிறார்கள். நான்காவது நாள் மலிவாக வருகிறதே என்று அதை எடுப்பவர், அந்த நாளுக்கான விடுதி வாடகை, சாப்பாடு, பொம்மை எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கிறார். உன் கணக்கில் நுழைவுச் சீட்டு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை நீ கவனித்தாயா?

அடுத்தது தேதி. முன்பு எந்த நாள் போனாலும் ஒரே விலைதான். 2018 முதல் காலண்டரைப் பார்த்து நாளுக்கு ஒரு விலை வைக்கிறார்கள். பள்ளி விடுமுறை எப்போதோ அப்போது உச்சம் என்பதால், பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்திருப்பவன்தான் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு ஆம்னி பேருந்துக்காரர்கள் செய்வதும் இதுவே. நாங்கள் பொங்கலுக்குச் சிறப்புப் பேருந்து விட்டபோது கட்டணத்தைத் தொடவில்லை. ஆனால் ஆண்டுக் கடைசியில் நட்டக் கணக்கை எழுதியவர்களும் நாங்கள்தான். ஆகவே இதில் யார் சரி என்று தீர்ப்பு எழுத எனக்குக் கை வரவில்லை. ஆட்களின் சம்பளமும் ஏறியிருக்கிறது. 2023இல் தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலரிலிருந்து 18 டாலராக உயர்ந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இரண்டாம் தாளின் நடுவில்தான். 'லைட்னிங் லேன், ஐந்து பேர், நான்கு நாள், 640 டாலர்' என்று எழுதியிருக்கிறாய். இது என்னவென்று தேடிப் படித்தபோது, வரிசையில் நிற்காமல் முன்னால் போவதற்கான காசு என்று தெரிந்தது. 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் இதையே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். கொரோனாவில் பூங்காவை மூடியபோது அதையும் நிறுத்தினார்கள். 2021 அக்டோபரில் நாளுக்கு ஒருவருக்கு 15 டாலர் என்று விலை போட்டு, வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது அதற்கும் நாளுக்கு ஒரு விலை. 2024 இறுதியில் எல்லா முக்கியச் சவாரிகளுக்கும் நேராகப் போகும் பெரிய பாஸ் ஒன்றை அறிமுகம் செய்து, நெரிசலான நாட்களில் ஒருவருக்கு 449 டாலர் வரை விலை வைத்தார்கள். இது நுழைவுச் சீட்டுக்கு மேலே!

சவாரிப் படகில் இருக்கும் இருக்கைகள் அதே இருக்கைகள் என்பதை யோசித்துப் பார். எங்கள் வண்டியில் ஐம்பத்தைந்து இருக்கை. முன்பதிவுக்கு முப்பதைக் கொடுத்துவிட்டால் நிலையத்தில் காத்திருப்பவனுக்கு மிச்சம் இருபத்தைந்துதான். காசு கட்டாதவன் நிற்கும் வரிசை நகராமல் இருப்பதற்கு, காசு கட்டியவனின் வரிசையே ஒரு காரணம். அந்த நகராத வரிசையைப் பார்த்துப் பயந்து மறுநாள் இவனும் காசு கட்டுகிறான். விற்பதற்கு இதைவிடச் சௌகரியமான சரக்கு உலகத்தில் இல்லை. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். 'திருப்பதியில் முந்நூறு ரூபாய் வரிசையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் நீங்கள்தானே' என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. இருந்தாலும் 640 டாலரைச் சிவப்பால் அடித்திருக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு வேன் 160 டாலர் என்று போட்டிருக்கிறாய். 2005 முதல் 2021 முடிய அந்த நிறுவனத்தின் விடுதிகளில் தங்குபவர்களை அவர்களே இலவசப் பேருந்தில் அழைத்துப் போனார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். பேருந்துக்காரன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் கூடுதலாக உறைத்தது, வேறொன்றுமில்லை.

இங்கு மட்டும் மலிவென்று நினைக்காதே. பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு 2015இல் சேவை வரி வந்தது, 2017இல் ஜிஎஸ்டி 28 சதவீதமாக ஏறியது, அடுத்த ஜனவரியில் 18 ஆக இறங்கியது. எதிர்வீட்டுக்காரர்கள் பிள்ளைகளுடன் சென்னைக்குக் காரில் போய் ஒரு பூங்காவைப் பார்த்துவிட்டு வந்து, வாலாஜா சுங்கச்சாவடியில் தொடங்கி ஐஸ்கிரீம் வரை என்னிடம் ஒப்பித்தார்கள்.

நாம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பூங்காவுக்குப் போன நாளின் கணக்கு என் பழைய நோட்டில் இருக்கிறது. அது திறந்து மூன்றாம் ஆண்டு. நீ ஐந்தாம் வகுப்பு. விடியற்காலை வண்டி பிடித்துப் பூந்தமல்லியில் இறங்கி, அங்கிருந்து தாம்பரம் போய், கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை வெளியே ஒரு மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு உள்ளே நுழைந்தோம். அன்று ஆன மொத்தச் செலவு என் மாதச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அது எனக்குப் பெரிய தொகைதான். அந்த மாதம் ஏலச்சீட்டுப் பணத்தை ஒரு வாரம் தாமதமாகக் கட்டினேன். உன் சம்பளம் எவ்வளவு என்று நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். இந்த 11,240ஐ அதில் நீயே வகுத்துப் பார். பன்னிரண்டில் ஒன்று வந்தால் தாராளமாகப் போ. ஒன்றரை மாதச் சம்பளம் என்று வந்தால் கீழே சொல்வதைக் கேள்.

அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் இந்தத் தாளில் உள்ள ஒரு வரியும் குறையாது. மூன்று வயது ஆகாத குழந்தைக்கு அங்கு சீட்டு வேண்டாம். நம் பாப்பாவுக்கு வரும் தை மாதம்தான் மூன்று முடிகிறது. பெரியவனுக்குப் பத்து ஆனால் பெரியவர் கட்டணம். குழந்தையை மடியில் அமுக்கி வயதைக் குறைத்துச் சொல்லும் தாய்மார்களோடு எங்கள் நடத்துநர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீ அந்த வேலை செய்யாமல் நேர்மையாகவே போகலாம், இந்த ஆண்டு போனால். எனவே தள்ளாதே, முன்னால் இழு. ஆவணி பிற்பகுதியில், அதாவது செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் அவர்களுடைய தொழிலாளர் தின விடுமுறை முடிந்த மறு வாரத்தில், பள்ளிகள் எல்லாம் திறந்திருக்கும். ஆண்டிலேயே விலை குறைந்த நாட்களில் அவையும் சேரும். வரிசையும் குறையும் என்பதால் அந்த 640க்கு அவசியமே இருக்காது. நாங்கள் உங்களிடம் நவம்பரில் வருவதாக இருந்ததற்குப் பதில் ஆகஸ்டிலேயே வந்துவிடுகிறோம். புரட்டாசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது உன் அம்மாவின் நிபந்தனை.

அது புளோரிடாவில் புயல் காலம். ஆகவே பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் விடுதியைப் பதிவு செய். வெயிலும் கடுமையாக இருக்குமாம். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர்க் கோட்டை மைதானத்தில் கிரிக்கெட் ஆடியவனுக்கு அதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. பெரியவன் மூன்று நாள் பள்ளிக்குப் போகாமல் இருக்கலாம். காய்ச்சலோடு உன்னைப் பள்ளிக்கு அனுப்பியவன்தான் இதை எழுதுகிறேன் என்பது எனக்கும் நினைவிருக்கிறது.

சாப்பாட்டுக்கு நீ போட்டிருக்கும் 1,500 டாலரும் அதிகம். அந்தப் பூங்காக்களில் வெளியிலிருந்து உணவு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் மட்டும் கூடாது. உன் அம்மா இப்போதே எலுமிச்சைச் சோற்றா, சப்பாத்தியும் தக்காளித் தொக்குமா என்று மருமகளிடம் பேசத் தொடங்கிவிட்டாள்.

நுழைவுச் சீட்டுகளில் என் பெயரை அடித்துவிடு. இது தியாகம் ஒன்றும் இல்லை. கிஷ்கிந்தாவில் நான் பைகளை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து செலவு எழுதிக்கொண்டிருந்ததை நீ பார்த்திருக்கிறாய். சுற்றுகிற எதுவும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. விடுதியில் பேப்பர் படித்துக்கொண்டு, பாப்பா தூங்கினால் பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மாவுக்குக் கட்டாயம் சீட்டு எடு. அன்று ராட்டினத்தில் இரண்டு முறை ஏறிவிட்டு மூன்றாவது முறைக்கு வரிசையில் நின்றவள் அவள். இப்போது முழங்கால் கொஞ்சம் தொந்தரவு கொடுக்கிறது. அடுத்த ஆண்டு இன்னும் கொடுக்கும். தள்ளிவைக்காதே என்று நான் சொல்வதில் இந்தக் கணக்கும் உண்டு. அதை உன் எக்செலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. மூன்றாம் தாளில் விடுதி வாடகைக்கு 12.5 சதவீத வரியைச் சரியாகப் போட்டுவிட்டு, நான்காம் தாளின் அடியில் மொத்தத் தொகைக்கும் மறுபடி 6.5 சதவீதம் விற்பனை வரி போட்டிருக்கிறாய். நுழைவுச் சீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் அது சரி. விடுதிக்கும் விமானச் சீட்டுக்கும் தவறு. அதில் மட்டும் 380 டாலர் போல அதிகம் வந்திருக்கிறது. திருத்தி, செப்டம்பர் தேதி போட்டு, புதுத் தாளாக அனுப்பு. அச்செடுக்கும் கடை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை, அதற்குள் அனுப்பு.

அன்புடன்,
அப்பா