புது வாசக மேடைக்கும் பெஞ்சுகளுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

இயேசுவில் அன்பான பங்கு மக்களுக்கும், வெளியூரிலிருந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

நம் ஆலயத்துக்குத் திருப்பலியில் இறைவார்த்தை வாசிக்கப் புது வாசக மேடை, முழந்தாள் பலகை வைத்த பெஞ்சுகள், பாஸ்கா திரி எனும் உயிர்ப்புப் பெருவிழா மெழுகுதிரிக்கான தாங்கி எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. பங்குத்தந்தை மந்திரித்தும் ஆயிற்று.

முதல் நன்றி ஆசாரி அண்ணனுக்கு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய தேக்குப் பலகைகள் குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு ஏறி வந்ததும் வேலை தொடங்கிவிடும் என்று நினைத்தோம். அவர் உளியையே எடுக்கவில்லை. கீழே வெயிலில் காய்ந்த மரம் இந்த மூடுபனியில் ஈரம் குடித்து உப்பும், இங்கத்திய காற்றுக்குப் பழகட்டும் என்றார். பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து, காற்றோட்டமாக அடுக்கி, வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை பொறுத்திருந்தார். இன்று எந்த மூட்டிலும் இடுக்கு இல்லை. அந்தப் பொறுமைக்கு நாம் கொடுத்த கூலி போதவே போதாது.

இறைவார்த்தை வாசிக்கும் இடம் நிலையாக இருக்க வேண்டும், நகர்த்தி வைக்கும் ஸ்டாண்டாக இருந்தால் போதாது என்பது திருச்சபையின் வழிகாட்டுதல். இத்தனை காலம் நம்மிடம் இருந்தது ஆடும் இரும்பு ஸ்டாண்டுதான். இப்போது பீடத்தின் கருங்கல்லுக்குப் பொருத்தமான கல் அடியில், தேக்கு மேடை அசையாமல் நிற்கிறது. மேலே விளக்கு போட்டுக் கொடுத்த எலக்ட்ரீஷியன் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார். பனி மூடிய காலைத் திருப்பலியிலும் வயதானவர்கள் தடுமாறாமல் வாசிக்கிறார்கள்.

முழந்தாள் பலகைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நம் பங்கில் நிறைய. வாரம் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் நம் அக்காமார், ஞாயிறன்று சில்லென்ற சிமெண்டுத் தரையில் முழந்தாளிட்டு வந்தார்கள். இனி அந்த வலி வேண்டாம். தென்னைநார் அடைத்து ரெக்சின் தைத்தவர்கள் நம் அன்பியத்துப் (பங்கின் சிறு குடும்பக் குழு) பெண்களே. பச்சைத் தேயிலைக்குச் சரியான விலை இல்லாத நேரத்திலும் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அப்புறம், திருப்பூர், கோவையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பிய பணம், லாரியிலிருந்து மரம் இறக்கிய இளைஞர்கள், வேலை நாள்களில் சாப்பாடு கொடுத்த வீடுகள், எல்லோருக்கும் நன்றி.

பழைய பெஞ்சுகளைப் பழுது பார்த்துக் கிளைப்பங்குச் சிற்றாலயத்துக்கு அனுப்புகிறோம். வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

அன்புடன்,
பங்குப் பேரவைச் செயலர்