நீ கேட்ட குரல்கள் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. நீ கேட்ட விஷயத்தைப் போனில் பேசினால் பாதியிலேயே சண்டையாகிவிடும். நீ அவசரக்காரி, நான் கூட்டத்தில் சத்தம் போட்டுப் பழகியவள். அதனால் தாளில் எழுதி, தம்பியைக் கொண்டு படம் எடுத்து அனுப்புகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுப் பதில் சொல்.

தமிழில் பேசினால் கேட்டுப் புரிந்துகொண்டு பதில் சொல்கிற ஏஐ ஒன்றை உங்கள் கம்பனி செய்கிறது. அதற்கு நம் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு வேண்டும். நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள், அதிலும் வயதானவர்கள், போனைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும், பேசுகிற நேரத்துக்குக் காசு. மாதர் சங்கத் தலைவியாக இருந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் வருவார்கள் என்று ஆபீசில் நீயே சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். வருவார்கள்தான். அதனால்தான் எனக்கு யோசனை.

வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்காதே. போன் வந்ததால் நமக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும். முன்பு உன் மாமா எழுதிய கடிதம்கூடத் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அவர்களுக்கு ஞாபகம் வருகிற நாளில்தான் நம் கைக்கு வரும். இப்போது பேத்தி பிறந்த செய்தி பிறந்த மணிக்கே வருகிறது. ஆனால் படிக்காத கிழவிகளுக்கு இந்தப் போன் இன்னும் பாதிதான். அரசாங்க உதவிப் பணமான அஸ்வெசுமவுக்கு விண்ணப்பம் போட டவுனில் கடைப் பையனுக்குக் காசு கொடுத்து நின்றார்களே, அவன் என்ன நிரப்பினான் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். அவர்கள் பேச்சைப் போனே நேராகப் புரிந்துகொண்டால் எவ்வளவு நல்லது. நானும் போனில் மைக்கை அழுத்திப் பேசிப் பார்த்தேன். "பெரட்டுக்குப் போனேன்", அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்குப் போனேன் என்றால், "புரட்டுக்குப் போனேன்" என்று எழுதுகிறது. சில பெரட்டுகளை நினைத்தால் அதுவும் சரிதான், விடு.

ஆக, வேலை நல்ல வேலை. என் கேள்வியெல்லாம் தராசு யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

அந்தத் தராசுக் கதை உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது ஸ்கூல் போய்க்கொண்டிருந்தாய். முதலில் நாங்கள் பறித்த கொழுந்தை நிறுக்கத் தொங்கு தராசு இருந்தது. சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு, அதற்கு மேலே நிறுக்கிறவரின் மனநிலைக்கு ஒரு கழிவு. தினமும் சண்டை. பிறகு எலெக்ட்ரானிக் தராசு வந்தது, சிவப்பு இலக்கத்தில் கிலோ காட்டியது. மெஷின் பொய் சொல்லாது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அது பொய் சொல்லவில்லைதான். ஆனால் கழிவை ஆபீசில் வைத்து அதற்குள்ளேயே போட்டிருந்தார்கள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது கழித்த பிறகு உள்ள கணக்கு. எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டால் நிறுக்கிறவர் மெஷினைக் காட்டுவார். "நான் என்ன செய்ய, அதுதான் காட்டுதே" என்பார். முன்பு மனிதனோடு சண்டை போட முடிந்தது. இப்போது யாரோடு போடுவது? அவரும் பாவம், அவருக்கும் தெரியாது.

அப்போதுதான் நான் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். நம் லயத்தில் எழுதத் தெரிந்த பெண்கள் எல்லோரையும் எழுதச் சொன்னேன். மாதக் கடைசியில் கொப்பியையும் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சங்கத்து ஆட்களோடு போய்ப் பேசினோம். தராசை எடுத்துவிடு என்று நாங்கள் கேட்கவில்லை. கழிக்கும் முன் எவ்வளவு, கழித்தது எவ்வளவு, இரண்டையும் துண்டுச்சீட்டில் அடித்துக் கொடு என்றுதான் கேட்டோம். இழுத்தடித்து இழுத்தடித்து ஒருவழியாகத் தந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சீட்டே எங்களுக்குச் சாட்சியானது. 2021இல் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் வந்து, கையோடு எடுக்க வேண்டிய கிலோக் கணக்கையும் இங்கே ஏற்றியபோது, அந்தச் சீட்டுகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்த்தான் பேசினோம்.

உங்கள் கம்பனிக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்களாகவே இருக்கட்டும். நல்லவர்களும் தங்கள் கணக்கு ஒத்துவராவிட்டால் போய்விடுவார்கள். கம்பளைப் பக்கம் பலூன் விழுந்ததே, நினைவிருக்கிறதா? 2015இல் அரசாங்கம் கூகுளோடு கையெழுத்து வைத்தது, வானத்தில் பலூன் விட்டு நாடு முழுக்க இன்டர்நெட் தருவோம் என்றார்கள். 2016 பெப்ரவரியில் அதில் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலை மலையில் கிடந்தது. ஊர் ஆட்கள் என்னவோ ஏதோ என்று போய்ப் பார்த்தார்கள். திட்டப்படி இறக்கியதுதான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். 2021 ஜனவரியில் அந்தக் கம்பனி பலூன் வேலையையே மூடிவிட்டது, வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகவில்லையாம். தொடங்கும்போதும் மூடும்போதும் மலையில் இருக்கிறவர்களை யாரும் கேட்கவில்லை. உங்கள் கம்பனியை நாளைக்கு வேறொரு கம்பனி வாங்கினால் நம் கிழவிகளின் குரல் யாருக்குப் போகும்? இதைக் கேட்டு எழுது.

திகனயையும் மறந்துவிடாதே. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் ஆட்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்தார்கள். அதற்கு முந்திய வாரம்தான் அம்பாறையில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்ற பொய் பேஸ்புக்கில் பரவியிருந்தது. சிங்களத்தில் எழுதிய வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, விதியை மீறவில்லை என்று பதில் வந்துகொண்டிருந்தது. அந்த மொழியை வாசித்துப் பார்க்கிற ஆட்கள் பேஸ்புக்கிடம் போதாது. கடைசியில் அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவுக்கு நிறுத்தியது. தங்கள் தளம் அதற்கு உதவியாகிவிட்டது என்று அந்தக் கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருஷம் கழித்து! எரிந்த கடைக்காரனுக்கு அந்த மன்னிப்பை எந்தத் தட்டில் வைத்துக் கொடுப்பது? ஒரு மொழியில் கடை திறக்க ஓடி வருகிறவர்கள், அந்த மொழியில் தப்பு நடந்தால் கேட்க ஆள் வைக்க மாட்டார்கள். அதனால் என் இன்னொரு கேள்வி: உங்கள் ஏஐ நம் ஆட்களிடம் தப்பாக எதையாவது சொன்னால் யாரிடம் முறையிடுவது, அந்த ஆள் தமிழில் பேசுவாரா?

குரலை வாங்கி என்னென்ன செய்யலாம் என்று நீயே எனக்குப் போன பொங்கலுக்குச் சொன்னாய். கொஞ்ச நேரப் பதிவு இருந்தால் போதும், அந்த ஆளே பேசுவது போலப் பேச வைக்கலாம் என்றாய். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. கீழ் லயத்துப் பிள்ளை ஒன்று போனில் கடன் கொடுக்கிற செயலி ஒன்றில் கொஞ்சம் காசு எடுத்தது. தவணை தப்பியதும் அதன் போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் அடித்து மானத்தை வாங்கினார்கள், எனக்கும் அழைப்பு வந்தது. அப்போது பேசியவன் தெரியாத குரலில் பேசினான். நாளைக்கு அதே ஆட்கள் நம் ஊர்ப் பேச்சில், நம் லயத்து ஆத்தா குரலில் பேசினால்? பேங்க் நம்பரைக் கேட்டால் நானே சொல்லிவிடுவேன். ஆகவே, யாருடைய குரலையும் அப்படியே பேச வைக்க மாட்டோம், கடன் கம்பனிக்கு விற்க மாட்டோம் என்று எழுத்தில் வர வேண்டும்.

கொடுத்த பிறகு ஒருத்திக்கு மனசு மாறினால்? பதிவை அழிக்கலாம், ஆனால் அதைக் கேட்டு ஏஐ கற்றுக்கொண்டதைத் திரும்ப எடுப்பது லேசில்லை என்றும் நீதான் சொன்னாய். இதை மறைக்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும். ஆட்களுடைய தரவைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் போட்டார்கள். அது முழுதாக நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது. சட்டம் இருக்கிறது என்று நீ என்னிடம் சொல்லாதே. தோட்டத்தில் சட்டம் இருந்த கதை எனக்குத் தெரியும்.

தாள் தமிழில் இருக்க வேண்டும். இங்கிலீஷ் தாளில் ஒரு கைநாட்டுக்கூட வாங்க விடமாட்டேன். என் தாத்தா காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. அதில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று பெரும்பாலும் அந்த ஆளுக்கே வாசிக்கத் தெரியாது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை நீ. போனில் "சம்மதம்" என்பதை வாசிக்காமல் அழுத்துகிறாயே, நான் பார்த்திருக்கிறேன்.

காசைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். சாட்ஜிபிடிக்காகக் கென்யாவில் அசிங்கமான எழுத்துகளையெல்லாம் வாசித்துத் தரம் பிரித்தவர்களுக்கு மணிக்கு இரண்டு டொலருக்கும் குறைவாகத்தான் கிடைத்தது என்று 2023 ஜனவரியில் டைம் பத்திரிகை எழுதியதைத் தம்பி வாசித்துக் காட்டினான். தேயிலைக்கும் அப்படித்தானே. பறிக்கிற இடத்தில் மிச்சம் கம்மி, பெட்டியில் போடுகிற இடத்தில் அதிகம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நீ சொன்ன தொகை கொழும்பில் பேசுகிறவர்களுக்கும் அதேதானா? இதை மட்டும் உண்மையாகச் சொல்.

பாட்டு வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். தாலாட்டு தரலாம், பாடுகிறவர்கள் விரும்பினால். காமன் கூத்துப் பாட்டுக்கு ஆடுகிறவர்களைத் தனியாகக் கேட்க வேண்டும், அது என் கையில் இல்லை. ஒப்பாரி கிடையாது. அதில் நானே பேச மாட்டேன். உன் தாத்தா செத்தபோது பாட்டி பாடியதில் அவர் பேர் இருக்கிறது, அவர் கவ்வாத்து வெட்டிய மலை இருக்கிறது, இரண்டு பேருக்கும் நடந்த சண்டைகூட இருக்கிறது. அது மெஷினுக்குப் பாடியதில்லை.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. சித்தப்பா போனபோது சித்திக்கு நீ அனுப்பிய செய்தி ஏஐ எழுதியதுதானே? "இந்தக் கடினமான தருணத்தில்" என்று நீ ஒருநாளும் பேசியதில்லை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆபீஸ் கடிதத்துக்கு அதை வைத்துக்கொள். சித்திக்கு "ஐயோ சித்தி" என்று மட்டும் எழுதியிருந்தால் போதும்.

2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது கரண்ட் போய், டவரும் போய், உனக்கு எங்கள் செய்தியே கிடைக்காமல் நீ கொழும்பில் அழுதுகொண்டிருந்தாய். இங்கே தொங்கல் லயத்து ஆட்களை எழுப்பி ஸ்கூலுக்குக் கூட்டிப் போனது பையன்கள், டார்ச்சோடு நடந்து போய். போன் திரும்ப வந்ததும் முதலில் வந்தது அணைக்கட்டு உடைந்துவிட்டது என்ற பொய்க் குரல் பதிவு. அதற்குப் பிறகு லயத்துக்கு ஒரு ஆள், யார் யாரை எழுப்புவது என்று பேர்களைத் தாளில் எழுதி, வேலை நேரத்தில் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் ஒட்டியிருக்கிறோம். வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது: நான் கேட்டவற்றை உன் மேலாளரிடம் கொடு. அவர் பதிலைத் தமிழில், கையெழுத்தோடு வாங்கி அனுப்பு. சங்கத்துப் பிள்ளை ஒருவரிடமும் காட்டுவேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் நானே வாசித்துக் காட்டுகிறேன். சரி என்கிறவர்கள் பேசட்டும். வேண்டாம் என்கிறவர்களிடம் நான் போய் நிற்க மாட்டேன், நீயும் போன் எடுத்துக் கேட்கக் கூடாது. யார் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று இங்கேயும் ஒரு கொப்பி இருக்கும், அதையும் உன் மேலாளரிடம் சொல்லி வை. பதில் தராவிட்டால், மலையகப் பேச்சு இல்லாமலே அவர்கள் செய்து முடிக்கட்டும்.

இதனால் உன் வேலைக்கு ஏதும் சங்கடம் வந்தால் என்மேல் பழியைப் போடு. அம்மா பிடிவாதக்காரி என்று சொல், அது ஒன்றும் பொய்யில்லையே.

தீபாவளிக்கு வரும்போது அப்பாவுக்கு முழங்கால் பட்டி வாங்கி வா, இங்கே கிடைப்பது ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. தம்பி ஏதோ சார்ஜர் கேட்கிறான், அவனே உனக்கு எழுதுவான்.

அன்புடன்,
அம்மா